ஐந்தாவது வரிசைக் குஞ்சுகள்

பிரிஜட் உட்கார்ந்திருப்பதை அதிகம் பேர் பார்த்ததில்லை. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் வருவாள். பூசையில் பிரசங்கத்தின்போது வேறு வழியில்லாமல் உட்காருவாள், ஆனால் கை மட்டும் முன் பெஞ்சில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களை விளிம்பு பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கும். மார்சிலிங்கில் அவள் வீட்டுக்குப் போகிறவர்கள் கோப்பியை வேகமாகக் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசி வாய் உள்ளே போவதற்குள் கப் கழுவும் தொட்டிக்குப் போய்விடும்.

"உன்னை உங்கம்மா பஸ்ஸுக்கு ஓடும்போது பெத்தாங்களா?" என்று கணவர் லாசரஸ் அடிக்கடி கேட்பார். பிரிஜட் அப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள்.

இருபது வருடம் அவள் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்தவள். கடைசி ஆறு வருடம் மேற்பார்வையாளர். மருத்துவமனையின் துப்புரவுக் குத்தகை வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் வீட்டுச் சுவருக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தாயிற்று என்று லாசரஸ் சொல்வார். பிறகு லிம் சூ காங்கில் ஒரு முட்டைப் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, மறுநாளே வேலையில் சேர்ந்தாள்.

முதலில் முட்டை பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து செய்யும் வேலை. அவளுக்குச் சரிப்படவில்லை. ஒரு வருடத்தில் குஞ்சுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிறந்து ஒரே நாளான குஞ்சுகள் வெளிநாட்டிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வரும், ஒரு பெட்டிக்கு நூறு. அவற்றைக் கூண்டுகளில் விட்டு, சூடு பார்த்து, தண்ணீர்க் குழாயில் மூக்கை முட்டிக் காட்டி, தீவனம் வைத்து, பதினாறு வாரம் வளர்த்து, முட்டையிடும் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். எந்த நேரமும் ஏதாவது செய்துகொண்டே இருக்கலாம். பிரிஜட்டுக்குத் தன் இடம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் அங்கே வந்த இரண்டாம் ஆண்டில் கொட்டகையில் இரத்தக் கழிச்சல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி குஞ்சின் குடலுக்குள் போய், குடல் சுவரைப் பிளந்துகொண்டு பெருகும். மூன்று வாரக் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து, இரத்தமாகக் கழிந்து செத்தன. கூண்டு கூண்டாக அவள்தான் அள்ளி வெளியே கொண்டுபோனாள். அதற்குப் பிறகுதான் பண்ணையில் தடுப்பு மருந்து போடத் தீர்மானித்தார்கள்.

பண்ணைக்கு வந்துபோகும் கால்நடை மருத்துவர் நிவேதிகாவுக்கு முப்பத்திரண்டு வயதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்து ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த குடும்பம். பேசினால் பாதி ஆங்கிலமாக வரும், ஆனால் பிரிஜட்டிடம் மட்டும் முயன்று தமிழில் பேசுவாள்.

"ஊசி இல்லை அக்கா. ஸ்ப்ரே. சிவப்புச் சாயம் கலந்த தண்ணியில மருந்து இருக்கும். குஞ்சு மேல தெளிச்சா, சிவப்பா இருக்கேன்னு ஒண்ணை ஒண்ணு கொத்தும். அப்படியே உள்ள போயிடும்."

"மருந்துன்னா என்ன டாக்டர், பூச்சியைக் கொல்றதா?"

"இல்லை. அதே பூச்சிதான். உயிரோட. அளவா, கொஞ்சமா."

பிரிஜட் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

நிவேதிகா விளக்கினாள். மருந்துப் பாட்டிலில் இருப்பவை அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள். கொஞ்சமாகக் குடலுக்குள் போனால் குஞ்சு அதைத் தாங்கும். ஒரு வாரத்தில் அவை பெருகி எச்சத்தோடு வெளியே வரும். அந்த எச்சம் சூட்டிலும் ஈரத்திலும் இரண்டு நாள் கிடந்தால் முட்டைகள் முதிரும். குஞ்சு அதை மறுபடி கொத்தித் தின்னும். இப்படி மூன்று சுற்று வந்தால், பிறகு எந்தக் கழிச்சலும் அதை அசைக்காது. அதனால் கூண்டின் கம்பித் தரைமேல் காகிதம் விரிக்க வேண்டும். எச்சம் அதில் தங்க வேண்டும். மூன்று வாரம் காகிதத்தைத் தொடக்கூடாது. நோய்க்கு எதிரான மருந்து கலந்த தீவனமும் கூடாது, அது உள்ளே போன முட்டைகளையும் கொன்றுவிடும்.

"அப்ப அழுக்கை அப்படியே விடணுமா?"

"விடணும். அந்த அழுக்குலதான் எல்லாமே இருக்கு."

"இருபது வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். என்கிட்ட இப்படி யாருமே சொன்னதில்லை."

முதல் தடவை அந்த மூன்று வாரம் பிரிஜட்டுக்கு நரகமாக இருந்தது. கை பரபரத்தது. கூண்டுகளைத் தாண்டும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். ஆனால் அந்தக் குஞ்சுகள் நன்றாக வந்தன. அடுத்த தடவையும் நன்றாக வந்தன. அதற்குள் தெளிக்கும் வேலையே பிரிஜட்டுடையதாகிவிட்டது.

இந்தக் கதை நடந்தது நான்காவது தடவையில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறாயிரம் குஞ்சுகள் அறுபது பெட்டிகளில் வந்து இறங்கின.

தெளிப்பதற்கு ஓர் அலமாரி போன்ற பெட்டி உண்டு. குஞ்சுப் பெட்டியை அதற்குள் தள்ளி, பிடியை இழுத்தால், மேலே இருக்கும் தொட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் பெரிய பெரிய துளிகளாக விழும். ஒரு பாட்டில் மருந்து இரண்டாயிரம் குஞ்சுக்கு, அதாவது இருபது பெட்டிக்கு. மூன்று பாட்டில்கள். இதில் ஒரேயொரு கவனம் வேண்டும். ஒட்டுண்ணியின் முட்டைகள் கனமானவை. தண்ணீரில் கரையாது. கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் சில நிமிடங்களில் அடியில் போய்ப் படிந்துவிடும். தொட்டியில் கலக்குவதற்கு ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அது பழுதாகி, மாற்று மோட்டார் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பிரிஜட் நீளமான பிளாஸ்டிக் கரண்டியால் கையாலேயே கலக்கினாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் பிடி. சும்மா இருக்கத் தெரியாத கைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

நாற்பத்தெட்டுப் பெட்டிகள் முடிந்தன. தெளித்து முடித்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் மற்ற ஆட்கள் வரிசையாகக் கூண்டுகளில் விட்டார்கள். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பெட்டி. நான்கு வரிசை நிறைந்துவிட்டது. அப்போது அவள் பூட்ஸுக்குள் ஏதோ நடுங்கியது.

கைப்பேசியைக் கொட்டகைக்குள் கொண்டுவரக்கூடாது. கிருமி வரும் என்பதற்காகக் குளித்து, உடை மாற்றி, பூட்ஸ் மாற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும், கைப்பேசியை வெளியே பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். அன்று அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு பூட்ஸுக்குள் செருகியிருந்தாள். காரணம், லாசரஸின் தங்கை மிரண்டாவிடமிருந்து ஓர் அழைப்பை எதிர்பார்த்திருந்தாள். மாதா திருவிழா இன்னும் மூன்று வாரத்தில். பாட்டுக்குழுவை நடத்துகிறவள் மிரண்டா. எட்டு வருடமாகத் தனிக்குரலில் பாடுகிறவள் பிரிஜட்.

கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளித் தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"அண்ணி, பிஸியா?"

"வேலையிலதான் இருக்கேன். சொல்லு."

"கோச்சுக்காதீங்க. இந்த வருஷம் அந்த சோலோவை நம்ம குழுப் பொண்ணு ஜோனா பாடட்டும்னு ஃபாதர் சொல்றார்."

"ஃபாதர் சொல்றாரா, நீ சொல்றியா?"

"எல்லாரும்தான் லா. புதுசா ஒரு குரல் வந்தா நல்லா இருக்கும்னு."

"என் குரலுக்கு என்ன ஆச்சு இப்ப?"

"ஒண்ணும் ஆகலை அண்ணி. நீங்க எப்பவும் கொஞ்சம் ஸ்பீடா போயிடுறீங்க. ஆர்கன் வாசிக்கிறவர் உங்க பின்னாடி ஓட வேண்டியிருக்கு."

தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே பிரிஜட் சண்டை போட்டாள். எட்டு வருடக் கணக்கையும் எடுத்தாள். ஒரு தடவை காய்ச்சலோடு வந்து பாடியதைச் சொன்னாள். மிரண்டா அழுதாள். அழைப்பு முடிந்தபோது கால் மணி நேரம் போயிருந்தது.

கன்னமெல்லாம் கொதிக்க உள்ளே வந்தாள். அடுத்த பெட்டியைத் தள்ளினாள், பிடியை இழுத்தாள். அடுத்தது. அடுத்தது. மிரண்டாவுக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எல்லாம் மனதில் ஓடின. ஆறு பெட்டிகள் முடிந்து ஏழாவதைத் தள்ளும்போது மேசைமேல் கிடந்த கரண்டி கண்ணில் பட்டது.

அதை எடுத்துத் தொட்டியில் விட்டுக் கலக்கினாள். தண்ணீர் சிவப்பாகத்தான் இருந்தது, காலையிலிருந்து இருந்த அதே சிவப்பு. சாயம் அடியில் படிவதில்லை. தொட்டியை ஆட்டிப் பார்த்தாள், விளக்குக்கு நேராக நின்று உற்றுப் பார்த்தாள். பார்க்க எதுவும் இல்லை. ஆனால் குழாய் தொட்டியின் அடியிலிருந்துதான் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அடியில் படிந்ததெல்லாம் அந்த ஆறு பெட்டிக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது வெறும் சிவப்புத் தண்ணீர். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மீதி ஆறு பெட்டிக்கும் அதையே தெளித்தாள்.

மேலாளர் பிரபாகர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். "முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, சொல்வது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடினமாகிக்கொண்டே போனது. சொன்னால் எதற்காக வெளியே போனாய் என்று கேட்பார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் தீ என்று இருந்திருந்தால் சொல்லலாம். பாட்டுக்குழுவில் யார் பாடுவது என்று நாத்தனாரோடு சண்டை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் பூட்ஸுக்குள் கைப்பேசியை ஒளித்து வைத்துக்கொண்டு?

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் வீட்டு ஜன்னல் கம்பிகளைக் கழற்றிக் கழுவினாள். வியாழக்கிழமை அடுப்பை நகர்த்தி அதன் பின்பக்கச் சுவரைத் தேய்த்தாள்.

"என்னா ஆச்சு உனக்கு?" என்றார் லாசரஸ்.

"ஒண்ணுமில்லை. எண்ணெய்ப் பிசுக்கு."

"போன வாரம்தானே தேய்ச்சே."

"பிசுக்குக்கு வாரம் தெரியுமா?"

பண்ணையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, கடைசிப் பன்னிரண்டு பெட்டிக் குஞ்சுகள் இருந்த ஐந்தாவது வரிசைக்குப் போனாள். குஞ்சுகள் மற்ற குஞ்சுகள் போலத்தான் இருந்தன. ஓடின, கொத்தின, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சில நேரம், ஒன்றும் ஆகாது, கொஞ்சம் கூடக்குறைய போனால் என்ன என்று தோன்றும். அந்த நினைப்பு பத்து நிமிடம் தாங்கும்.

சனிக்கிழமை காலை, வரிசையின் முன்பாதியில் ஒரு கூண்டில், காகிதத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. சாயம், என்று சொல்லிக்கொண்டாள். தெளித்த அன்று எச்சம் சிவப்பாக இருக்கும், எல்லாத் தடவையும் இருந்திருக்கிறது. ஆனால் சாயம் ஒரு நாளில் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். இது ஐந்தாம் நாள். தெரிந்துகொண்டே சாயம், சாயம் என்று சொல்லிக்கொண்டு பண்ணை வேனில் ஏறி கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பிரிஜட் பாட்டுக்குழுவோடு நிற்காமல் கடைசி வரிசையில் போய் நின்றாள். மிரண்டா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் பிரிஜட்டால் சொல்லியிருக்க முடியாது. எழுந்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தாள், உட்காரும் நேரத்தில் நின்றாள்.

பூசை முடிந்ததும் லாசரஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்தாள். அதன் மேல்மாடியில் சம்சுன்னிசாவின் தையல் கடை. திருவிழாவுக்குப் போட ஒரு ரவிக்கை அங்கே கொடுத்திருந்தாள். சம்சுன்னிசாவும் அவளும் மார்சிலிங்கில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் பதினைந்து வருடம் இருந்தவர்கள். இப்போது சம்சுன்னிசா மகனோடு பாசிர் ரிஸில் இருக்கிறாள். அது சிங்கப்பூரின் கிழக்குக் கோடி, ஆனாலும் கடையை விடவில்லை.

"இப்பதான் வர்றியா? ரெடியா இருக்கு. பசியாறினியா?"

"ரவிக்கை வேணாம். நான் பாடலை."

"பாடலைன்னா போட்டுக்க மாட்டியா? துணியில என்ன தப்பு?" என்ற சம்சுன்னிசா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். "உட்காரு."

பிரிஜட் உட்காரவில்லை. கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, நூற்கண்டு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்டே சொல்லி முடித்தாள். கோழிக்குஞ்சுக்குக் கழிச்சல் வராமல் இருக்க அதே கழிச்சலைக் கொடுப்பதா என்று சம்சுன்னிசாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவில்லை.

"இப்ப எத்தனை குஞ்சு?"

"ஆயிரத்து இருநூறு. பாதிக்கு ரொம்பக் கூட. பாதிக்கு ஒண்ணுமே இல்லை."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கண்டுபிடிப்பாங்களா?"

"கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம். மருந்து சரியில்லைன்னு நினைப்பாங்க."

சம்சுன்னிசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்குக் கோழி பத்தித் தெரியாது. ஒருத்தி ரவிக்கையைத் தப்பா வெட்டிட்டா, தைச்சு, கொக்கி வச்சு, இஸ்திரி போட்டுக் கொடுத்தாலும் அது தப்புத்தான். வெட்டின அன்னிக்கே சொன்னா வேற துணி வாங்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த நூலை விடு, சிக்காக்குறே."

பிரிஜட் நூலை வைத்துவிட்டு, ரவிக்கையையும் எடுக்காமல் இறங்கிவிட்டாள். கீழே மார்க்கெட்டில் கோழிக்கடைப் பக்கம் போகாமல் மீன் கடை வழியாகச் சுற்றி வெளியே வந்தாள். பிரபாகருக்கு அழைப்பதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று தடவை கைப்பேசியை எடுத்தாள். மூன்று தடவையும் வைத்துவிட்டாள். நாளைக்கு நேரில் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். அது முடிவா, தள்ளிப்போடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் சொல்வதற்கு முன்பே எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஐந்தாவது வரிசையின் முன்பாதியில் குஞ்சுகள் கூண்டின் மூலைகளில் ஒட்டிக்கொண்டு நின்றன. இறக்கைகள் தொங்கின. காகிதமெல்லாம் இரத்தம். பதினொரு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பிரபாகர் கொட்டகைக்குள் அங்குமிங்கும் ஓடினான்.

"பழைய நோய் திரும்பி வந்துடுச்சுக்கா. எப்படி வந்துச்சு? யாரு பூட்ஸ் மாத்தாம வந்தா?"

மதியத்துக்குள் நிவேதிகா வந்துவிட்டாள். செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தாள். குடலின் கடைசிப் பகுதி கருஞ்சிவப்பாக வீங்கி இருந்தது. எச்சத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"நிறைய இருக்கு. ரொம்ப நிறைய. வெளியேர்ந்து வந்ததா, வேக்சின்ல ஏதாவது பிரச்சினையா, தெரியலை."

"மொத்தக் கொட்டகைக்கும் தண்ணியில மருந்து விட்டுடலாம் டாக்டர். இன்னிக்கே" என்றான் பிரபாகர்.

"விட்டா மத்த நாலு வரிசையிலயும் வேக்சின் செத்துடும். இப்பதான் முதல் சுத்து முடியுது. எல்லாமே வேஸ்ட். மூணாவது வாரம் நிஜமான நோய் வந்தா எதுவும் நிக்காது."

"விடலைன்னா எல்லாத்துக்கும் பரவிடுமே?"

நிவேதிகா குனிந்து நுண்ணோக்கியில் மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ரிஸ்க் எடுக்க முடியாது. சரி, மொத்தத்துக்கும் கொடுத்துடலாம்" என்று பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"கொடுக்காதீங்க டாக்டர்."

இருவரும் திரும்பினார்கள். பிரிஜட் சுவரோரம் நின்றாள். அவள் கையில் எதுவும் இல்லை. பிரபாகருக்கு அதுவே விநோதமாகப் பட்டிருக்க வேண்டும்.

"வெளியேர்ந்து வரலை. மருந்துலயும் ஒண்ணுமில்லை. நான் கலக்கலை."

"என்ன கலக்கலை?"

"நாப்பத்தெட்டுப் பெட்டி வரைக்கும் கலக்கினேன். அப்புறம் போன் வந்துச்சு. வெளிய போய் கால் மணி நேரம் பேசினேன். திரும்பி வந்து கலக்காம ஆறு பெட்டி அடிச்சேன். அந்த ஆறும்தான் இது. கடைசி ஆறு பெட்டிக்கு வெறும் தண்ணிதான் போயிருக்கும். மத்த நாலு வரிசையும் நல்லா இருக்கு. அதைக் கெடுத்துடாதீங்க."

"போனா?" என்றான் பிரபாகர். "உள்ள போன் கொண்டாந்தீங்களா? அன்னிக்கு நான் வந்து கேட்டேனே, முடிஞ்சுதான்னு!"

"கேட்டே. முடிஞ்சுதுன்னு சொன்னேன்."

"அப்படி என்னக்கா தலை போற போன்?"

"கோயில்ல யாரு பாடுறதுன்னு."

நிவேதிகா கோபப்பட்டாளா என்று பிரிஜட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"எந்தக் கூண்டுலேர்ந்து எந்தக் கூண்டு வரைக்கும்? சரியாத் தெரியுமா?"

பிரிஜட் நடந்து போய்க் காட்டினாள். இங்கிருந்து இதுவரை கூடுதல். இங்கிருந்து கடைசிவரை ஒன்றுமில்லை. நிவேதிகா கடைசிப் பாதியில் நான்கு கூண்டுகளிலிருந்து எச்சம் எடுத்தாள், முதல் நான்கு வரிசைகளிலிருந்தும் எடுத்தாள், மறுபடி நுண்ணோக்கிக்குப் போனாள். பிரிஜட் வெளியே நடந்தாள். தாழ்வாரத்தின் அந்த முனை, இந்த முனை. முக்கால் மணி நேரம் கழித்து நிவேதிகா வந்தாள்.

"அக்கா சொன்னது சரி. கடைசிப் பாதியில ஒண்ணுமே இல்லை. மத்த வரிசையில எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு."

கொட்டகைக்கு முழுதாக மருந்து கொடுக்கும் யோசனை அத்தோடு நின்றது. முன்பாதிக்கு மட்டும் கொடுப்பதானால் ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர்க் குழாய் வரிசை முழுவதற்கும் ஒன்றேதான். அதனால் அந்தப் பகுதியின் குழாயை அடைத்துவிட்டு, சின்னச் சின்னக் குவளைகளில் மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கூண்டு கூண்டாகக் கையால் வைக்க வேண்டும், கொட்டினால் மறுபடி ஊற்ற வேண்டும். அதை நான் செய்கிறேன் என்று பிரிஜட் சொன்னாள். வேறு யாரும் முன்வரவுமில்லை. கடைசிப் பாதிக்குப் புதிய பாட்டில் வரவழைத்துத் தீவனத்தின் மேல் தெளித்தார்கள். அதை நிவேதிகாவே செய்தாள். பிரிஜட்டைக் கலக்க மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் பிரிஜட் வாளியோடு அந்தப் பாதி வரிசையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். குடிக்க எழுந்து வராத குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கைத் தண்ணீரில் நனைத்தாள். சில விழுங்கின. சில அவள் கையிலேயே தலையைச் சாய்த்தன. மொத்தம் அறுபத்தேழு குஞ்சுகள் போயின. புதன்கிழமை மாலை நிவேதிகா கிளம்பும்போது பிரிஜட் அவளைக் கார் வரைக்கும் தொடர்ந்து போனாள்.

"டாக்டர், நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா?"

நிவேதிகா கார்க் கதவைத் திறந்தபடி நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள்: "நாலாவது நாளே மருந்து கொடுத்திருப்பேன் அக்கா. ரத்தம் வர்றதுக்கு முன்னாடி. முக்கால்வாசி பொழைச்சிருக்கும்."

"சரி" என்றாள் பிரிஜட்.

பண்ணையில் அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இனித் தெளிக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், அவளுடன் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிரபாகர் இரண்டு வாரம் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் முதல் நான்கு வரிசைகளில் சில குஞ்சுகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. இது எதிர்பார்த்ததுதான், இரண்டாம் சுற்றில் அப்படித்தான் இருக்கும் என்று நிவேதிகா முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் ஒருமுறை சூடுபட்ட பிரபாகருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரில் மருந்து விடலாமா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டான்.

"தொடாதே. ரெண்டு நாள் பொறு" என்றாள் பிரிஜட்.

"நீங்களாக்கா சொல்றீங்க இதை?"

"நான்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டாள், ஆனால் அந்த இரண்டு நாளும் அவளுக்கும் தூக்கமில்லை. விடியும் முன்பே எழுந்து, முதல் எம்ஆர்டியைப் பிடித்து, வேன் வருவதற்கு முன்பாகவே கிராஞ்சி நிலையத்தின் வாசலில் நடந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குஞ்சுகள் சிறகை உதறிக்கொண்டு தீவனத்துக்கு ஓடின. பிரபாகர் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கிவந்து அவள் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

லாசரஸுக்கு எல்லாம் சொன்னது அன்றைக்குத்தான். "என் தங்கச்சிகிட்ட போன் பண்ணிப் பேசு" என்று மட்டும் அவர் சொன்னார். பிரிஜட் பேசினாள். ஜோனாவே பாடட்டும், நான் பின்வரிசையில் நிற்கிறேன் என்றாள். மிரண்டா ஏன் என்று கேட்டாள். பிரிஜட் சொல்லவில்லை. திருவிழா அன்று ஜோனா நிதானமாக, அழகாகப் பாடினாள். பிரிஜட்டுக்கு இரண்டு இடத்தில் அவளை முந்திக்கொண்டு போக வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

பதினாறாம் வாரம் கோழிகளை முட்டைக் கொட்டகைக்கு மாற்றும் நாள் வந்தது. பிளாஸ்டிக் கூடைகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். எடைவாரியாகப் பிரித்ததால் ஐந்து வரிசைகளும் கலந்துவிட்டன. ஐந்தாவது வரிசைக் கோழிகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும் என்று பிரிஜட் எதிர்பார்த்தாள். ஒவ்வொரு கோழியையும் தூக்கும்போது கையால் எடை பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?" என்றான் பிரபாகர்.

"அஞ்சாவது வரிசை எதுன்னு பார்க்கிறேன்."

"இனிமே அது யாருக்கும் தெரியாதுக்கா. டாக்டருக்கே தெரியாது."

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த கோழி திமிறியது. அதைக் கூடைக்குள் விட்டு மூடியை அழுத்தினாள், குனிந்து அடுத்ததைப் பிடித்தாள், அதையும் ஒரு கணம் திருப்பிப் பார்த்தாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"வர்றேன் லா, வர்றேன்" என்று கத்திக்கொண்டே பிரிஜட் அடுத்த கூடையை இழுத்தாள்.